பங்குனியில் ஒரு சனி, ஞாயிறு: மணக்குடி முதல் கூந்தன்குளம் வரை



மலைப்பொழிவில் நம் ஆண்டவர் வானத்துப் பறவைகளைச் சுட்டிக்காட்டிப் பேசிய பகுதியை மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். கவலை வேண்டாம் என்ற செய்தியை நாம் உடனே பிடித்துக்கொள்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வினைச்சொல் நிற்கிறது. பார்க்கும்படி பணிக்கும் சொல் அது. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் உள்ள அந்தச் சொல், போகிற போக்கில் கண்ணில் படுவதைக் குறிப்பதல்ல. ஒன்றின்மேல் பார்வையை ஊன்றி நிற்பதைக் குறிப்பது. லூக்கா அதே இடத்தில் வேறொரு சொல்லைக் கையாள்கிறார். கவனித்துப் புரிந்துகொள்வது என்பது அதன் பொருள். அவர் காட்டும் பறவையோ காகம்; நம் வீட்டு முற்றத்துக்கே வருவது. ஆகவே பறவைகளைப் பார்ப்பது என்பது உவமைக்காக மட்டும் சொல்லப்பட்டதல்ல, நாம் உண்மையிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை.

அந்த வேலையைச் செய்ய ஆண்டில் ஒரு நல்ல வாரக்கடைசி உண்டு. அது மார்ச் மாதத்தின் கடைசிச் சனி, ஞாயிறு. குமரி மாவட்டத்தின் கடற்கரையிலும், அங்கிருந்து வடக்கே நெல்லை மாவட்டத்தின் குளக்கரையிலும் அந்த இரண்டு நாட்களைச் செலவிட்டால், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு காட்சிகளைக் காணலாம். கடலோரத்தில் விருந்தாளிப் பறவைகள் ஊருக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருக்கும். குளத்தில் நம் மண்ணின் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கும். ஒரே பங்குனி மாதம் ஒரு கூட்டத்துக்குப் புறப்பாடு, இன்னொரு கூட்டத்துக்குப் பேறுகாலம். ஏன் அப்படி என்று விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் கடற்கரை. நாகர்கோவில் பக்கமிருந்து ஓடிவரும் பழையாறு மணக்குடியில் கடலைச் சேர்கிறது. 2004 ஆழிப்பேரலையில் பாலமே பெயர்ந்துபோன ஊர் அது. நம் மக்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் பறவை நினைவுக்கு வராது என்பதை அறிவேன். கழிமுகத்தை ஒட்டி அலையாத்தி மரங்களும், சற்றுத் தள்ளிப் புத்தளம் உப்பளங்களும் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஒன்பது மணிக்குமேல் உப்பளத்தில் கானல் எழும்பிவிடும். பிறகு எந்தப் பறவையும் நடுங்கும் நிழலாகத்தான் தெரியும்.

நம் தென்கடற்கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் வேறுபாடுகூட இருப்பதில்லை. இங்கிலாந்து போன்ற நாடுகளில் கடல் வற்றும்போது கிலோமீட்டர் கணக்கில் சேறு வெளிப்படும். கரைப்பறவைகள் அங்கே மேயும். நமக்கு அந்த வசதி இல்லை. அந்தக் குறையை உப்பளங்கள் ஓரளவு ஈடுசெய்கின்றன. உப்பு விளையும் பாத்தியில் பறவைக்கு உணவு கிடையாது. அதற்கு முன்னால், கடல்நீரை முதலில் விட்டுத் தேக்கிவைக்கும் அகலமான, முழங்கால் ஆழம்கூட இல்லாத தேக்கங்கள் இருக்கின்றன அல்லவா, அங்கேதான் புழுவும் சிறு இறாலும் பூச்சிகளின் புழுக்களும் பெருகுகின்றன. ஆகவே வெள்ளை உப்புக் குவியலைப் பார்த்து நிற்காமல் அந்தத் தேக்கங்களின் வரப்புக்குப் போக வேண்டும். உப்பளம் பிறருடைய வேலைத்தலம் என்பதையும் மறக்கக் கூடாது. முன்னதாகவே கேட்டு அனுமதி பெறுங்கள். அங்கே வேலை செய்யும் சகோதரிகளிடம் எந்தத் தேக்கத்தில் பறவை அதிகம் என்று கேட்டால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத விவரத்தைச் சொல்வார்கள்.

நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே சேற்றில் மேய்ந்தும் சண்டை பெரிதாக இல்லையே என்று வியப்பீர்கள். மூக்கைப் பாருங்கள். உப்புக்கொத்திக்குக் கட்டை மூக்கு, பெரிய கண். அது நாலு அடி ஓடும், நிற்கும், மேலே தெரியும் இரையைக் கொத்தும். குறு உள்ளான் தையல் இயந்திரத்து ஊசிபோல மேல்சேற்றை விடாமல் குத்திக்கொண்டே போகும். வளைமூக்கு உள்ளான் இன்னும் சற்று ஆழத்தில் துழாவும். நெடுங்கால் உள்ளான் மற்றவை நுழைய முடியாத ஆழத்தில் நின்று மேயும். பந்தி ஒன்று, இலைகள் வேறு வேறு.

இவற்றுள் குறு உள்ளானை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அதன் எடை மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடைதான் இருக்கும். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் கடலை ஒட்டிய சைபீரியத் தூந்திர வெளியில். அங்கே பனி உருகிப் பூச்சிகள் பெருகும் காலம் மிகக் குறுகியது; ஜூன் மாதத்தில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். முந்திப் போனால் பனி, பிந்திப் போனால் குஞ்சுகளுக்கு உணவில்லை. ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தப் பறவைகள் உண்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை எனலாம். நெடுந்தொலைவு பறக்கும் கரைப்பறவைகள் சில, புறப்படுமுன் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. கூடிய எடை பெரும்பாலும் கொழுப்பு. அதுவே பயணத்துக்கான எரிபொருள். இன்னும் வியப்பு, சில இனங்களில் புறப்படும் நேரத்தில் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. பறக்கும்போது தேவையில்லாத சுமை எதற்கு? 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், பட்டைவால் மூக்கன் என்ற இனத்தின் ஓர் இளம் பறவை அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்ததை, அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. வழியில் உணவில்லை, நீரில்லை. நாம் தவக்காலத்தில் நோன்பிருக்கும் அதே வாரங்களில் இவை வயிறார உண்கின்றன என்றால், அவற்றின் நோன்பு வானத்தில் காத்திருக்கிறது.

புறப்பாடு நெருங்கிவிட்டதை நிறத்திலும் காணலாம். நவம்பரில் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல். மார்ச் இறுதியில் வளைமூக்கு உள்ளானின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஏறத் தொடங்கியிருக்கும். மணல்நிற உப்புக்கொத்தியின் மார்பில் துருநிறப் பட்டை தெரியும். கடற்கரை மக்கள் அன்றாடம் பார்க்கும் கடல்காக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அதன் தலை வெள்ளை, காதருகே ஒரு கரும்புள்ளி மட்டும். பங்குனியில் தலை முழுவதும் காப்பிப்பொடி நிறத்துக்கு மாறிவிடுகிறது. அது திபெத், லடாக் போன்ற உயரமான இடங்களின் ஏரிகளுக்குக் கூடு கட்டப் போகும் பறவை. கழிமுகத்தில் மூழ்கி எழும் மீசை ஆலாவின் வயிறும் கறுத்துக்கொண்டு வரும். ஆலா கூடும் இடத்தில் மீன் கூட்டம் இருக்கும் என்று கண்டு வலை வீசும் நம் மீனவச் சகோதரர்கள், தாம் தலைமுறை தலைமுறையாகப் பறவை பார்ப்பவர்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இவை நேரத்தை எப்படி அறிகின்றன? வடநாடுகளில் பகல் நீள்வதும் குறைவதும் பெரிய அளவில் நடக்கும். அதுவே பறவைக்குக் கடிகாரம். ஆனால் குமரிமுனையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வேறுபாடில்லை. இங்கே இருந்துகொண்டு சைபீரியாவின் வசந்தம் நெருங்குவதை எப்படிக் கண்டுகொள்வது? ஆய்வாளர்கள் சில பறவையினங்களை ஒரே அளவு வெளிச்சம், ஒரே வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்தார்கள். வெளியே எந்த அடையாளமும் இல்லாதபோதும் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை அவை இறகு மாற்றின, கொழுப்புச் சேர்த்தன, பயணக் காலத்தில் இரவெல்லாம் நிலைகொள்ளாமல் தவித்தன. உள்ளுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. பகலின் நீளம் அதைச் சரிபார்க்க மட்டும் உதவுகிறது. நம் பாஸ்கா விழாவையும் நாம் இப்படித்தானே கணக்கிடுகிறோம்? இரவும் பகலும் சமமாகும் நாளாகக் கொள்ளப்படும் மார்ச் 21, அதையொட்டி வரும் முழுநிலவு, அதற்கடுத்த ஞாயிறு.

இறைவாக்கினர் எரேமியா தம் நூலின் எட்டாம் அதிகாரத்தில், நாரை தன் காலத்தை அறிந்திருப்பதைக் காட்டித் தம் மக்களைக் கடிந்துகொள்கிறார். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பறக்கும் வெண்ணாரைகளின் பெருவழி புனித நாட்டின் மேல்தான் போகிறது. இன்றைக்கும் ஒவ்வொரு வசந்தத்திலும் ஏறக்குறைய ஐந்து இலட்சம் நாரைகள் அங்கே கடந்துபோகின்றன. எபிரேய மொழியில் நாரைக்கு ஹசிதா என்று பெயர். மாறாத பேரன்பைக் குறிக்கும் ஹெசெத் என்ற சொல்லோடு உறவுடைய பெயர் அது. நம் தமிழும் பின்தங்கவில்லை. வறுமையில் மதுரையில் வாடிய சத்திமுத்தப் புலவர், குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடம் தம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பிய பாடலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நாரை தெற்கே வரும், பிறகு வடக்கே போகும் என்பது புலவருக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை நடுப்பகலை ஓய்வுக்கு விட்டுவிடுங்கள். மாலை நாலரை மணிக்குத் தேரூர்க் குளம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் என்று அறிந்திருப்பீர்கள். சுசீந்திரம், தேரூர் ஈரநிலத் தொகுதி 2022-இல் ராம்சார் எனப்படும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்ட செய்தி பலருக்குத் தெரியாது. தாமரை இலைமேல் நடந்துபோகும் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் என ஒரு மணி நேரத்தில் இருபது இனங்களைக் காண்பது கடினமல்ல. குமரி மாவட்டத்தில் வயல்கள் தென்னையாகவும் வாழையாகவும் வீட்டுமனையாகவும் மாறிக்கொண்டே வந்ததை நாம் கண்ணால் கண்டோம். எஞ்சிய குளங்களில்தான் இந்த உயிர்கள் ஒடுங்கியிருக்கின்றன.

ஞாயிறு முதல் திருப்பலி முடித்து, வீட்டில் உணவருந்தி, வெயில் தாழ்வதற்குக் கணக்காக நாங்குநேரி வழியாகக் கூந்தன்குளம் போய்ச் சேரலாம். மணிமுத்தாறு அணையின் கால்வாய் நீர் பெறும் குளம் அது. 1994-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் அரசு அறிவிப்பதற்கு முன்பே ஊரார் அதைச் சரணாலயமாக வைத்திருந்தார்கள். பறவைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, தெருவிலுள்ள வேம்பிலும் புளியிலும், வீட்டுக் கொல்லையிலும்கூடக் கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் நாற்றமும் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊரார் பொறுத்துக்கொள்கிறார்கள். பறவை எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்துவிடுவதும் அங்கே வழக்கம். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியிலும் இதே கட்டுப்பாட்டை ஊர் மக்களே காத்துவருகிறார்கள்.

வடக்கே போகும் பறவைகள் போய்க்கொண்டிருக்க, இவை ஏன் இந்த வெயிலில் கூடு கட்டுகின்றன? வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் குளங்களை நிரப்புகிறது. நீரில் மீன் குஞ்சு பொரித்துப் பெருக இரண்டு மூன்று மாதங்கள். பிறகு குளம் மெல்ல வற்றத் தொடங்கும். மீன்கள் குறைந்த நீரில் நெருங்கி நிற்கும். குஞ்சுகளின் பசி மிகுந்திருக்கும் வேளையில் மீன் பிடிப்பது தாய்க்கும் தந்தைக்கும் எளிதாகிறது. அதாவது அவற்றுக்கு வசந்தம் என்பது குளம் வற்றும் காலம். மழை பொய்த்த ஆண்டில் கூடும் குறையும். குளத்தில் சரளை வண்டி இறங்கினாலும், தண்ணீரைக் காலத்துக்கு முன்பே இறைத்துவிட்டாலும் விளைவு அதேதான்.

சங்குவளை நாரைகள் கூட்டின் விளிம்பில் நின்று, வெயில் குஞ்சுகள்மேல் படாதபடி சிறகை விரித்துப் பிடித்திருப்பதைப் பார்க்கலாம். அருகிலேயே கூழைக்கடாக் கூடுகள். இங்கே கொஞ்சம் நிற்க அனுமதி தாருங்கள். நம் பழைய ஆலயங்களில் நற்கருணைப் பேழையிலோ பீடத்திலோ ஒரு பறவை தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டுவதுபோல் செதுக்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பறவை கூழைக்கடாதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் நற்கருணையைப் போற்றி இயற்றிய ‘அதோரோ தே தெவோத்தே’ என்ற பாடலிலும் ஆண்டவரை இப்பறவையாக உருவகித்திருக்கிறார். உண்மையில் கூழைக்கடா இரத்தம் ஊட்டுவதில்லை. குஞ்சு தன் தலையையும் கழுத்தையும் தாயின் தொண்டைக்குள் விட்டு, அரைபட்ட மீனை எடுத்து உண்கிறது. தாய் அலகை மார்போடு அழுத்தி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தவருக்குத் தாய் தன் உடலையே கிழித்துக் கொடுப்பதாகத் தோன்றியிருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டதால் அந்தச் சிற்பத்தின் பொருள் எனக்குக் குறைந்துவிடவில்லை. தன்னையே திறந்து கொடுக்கிறதே, அது போதாதா?

இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளுக்கும் கூந்தன்குளம் பெயர்பெற்றது. ஏழாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் அவை பறந்ததைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் மார்ச் இறுதியில் அவற்றுள் பெரும்பாலானவை புறப்பட்டிருக்கும். அவற்றுக்காகவே போகிறவர்கள் ஜனவரியில் போவது நல்லது.

கருவிகள் பற்றிச் சிலர் கேட்பார்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி ஒன்று நாலைந்து பேருக்குப் போதும். க. ரத்னம் எழுதிய தமிழ்நாட்டுப் பறவைகள் போன்ற நூல் பழைய நூலகங்களில் கிடைக்கலாம். இப்போது கைப்பேசியிலேயே பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் போன்ற செயலிகளும் வந்துவிட்டன. வெள்ளைச் சட்டை, பூப்போட்ட சேலை வேண்டாம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் பேசாமல் இருப்பது. பாடற்குழு இளைஞர்களை அழைத்துப் போனால் இதுதான் மிகக் கடினம்.

பேசாமல் இருக்கச் சொல்வது நம் வசதிக்காக மட்டுமல்ல. சேற்றில் மேயும் கூட்டத்தை ஒருவர் ஒருமுறை எழுப்பிவிட்டால், வானத்தில் சுற்றிவந்து மீண்டும் இறங்க அது செலவிடும் கொழுப்பு பயணத்துக்காகச் சேர்த்தது. வரப்பில் ஓடும் மோட்டார் சைக்கிள், அவிழ்த்துவிட்ட நாய், திருமணத்துக்கு முன் உப்பளத்தில் புகைப்படம் எடுக்கிறோம் என்று பறக்கவிடும் டிரோன், எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கூட்டில் தாய் பத்து நிமிடம் எழுந்து பறந்தால் பங்குனி வெயிலில் முட்டையோ சிறு குஞ்சோ தாங்காது. வயலில் கண்ணி வைத்துக் கொக்கையும் மடையானையும் பிடித்துக் கறிக்கு விற்பதையும் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வாங்குகிறவர் இருப்பதால்தான் கண்ணி வைக்கிறார்கள். 2024 அக்டோபரில் வெளியான உலகப் பறவைகளின் நிலைப் பட்டியலில், நான் மேலே சொன்ன வளைமூக்கு உள்ளான், அழியும் ஆபத்துள்ள இனங்களின் வரிசைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் நம் உப்பளங்களில் எண்ண முடியாத அளவில் இறங்கிய பறவை அது.

நம் பங்கிலும் ஒரு கேள்வி எழுந்துள்ளது. ஆலயத்தின் பின்புறமுள்ள குளத்தில் மூன்று ஆண்டுகளாக நாரைகள் கூடு வைக்கின்றன. நம் பாதுகாவலரின் திருவிழாவோ கூடு நிறைந்திருக்கும் மாதத்தில் வருகிறது. வாணவேடிக்கை காலங்காலமாகக் குளத்தங்கரையில்தான் நடக்கிறது. பறவை பார்க்கப் போய்வந்த இளையோர் சிலர், அதைப் பள்ளி மைதானத்துக்கு மாற்றலாம், அதிர்வேட்டைக் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தேர் குளத்தங்கரையில் திரும்பும்போது வெடி போடாவிட்டால் திருவிழாவே இல்லை என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். வரும் மாதம் பங்குப் பேரவையில் இது பேசப்படும். அதற்கு முன்னால் இரு தரப்பிலும் இரண்டு பேரையாவது மாலை ஐந்தரை மணிக்கு என்னோடு கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் நாரைகள் இரையோடு திரும்பும்.